கப்பலில் ஓடிய டிராக்டர்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது உழவு டிராக்டரைக் கப்பலில் வைத்து விமானங்களை இழுத்தார்களாமே, உண்மையா? சின்ன டிராக்டர் அவ்வளவு பெரிய விமானத்தை எப்படி இழுத்தது?

பதில்: உண்மைதான். விமானம் தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானங்களை ஒவ்வொன்றாக மேல்தளத்தின் முன்பகுதியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மறுபடி பறக்க வேண்டுமானால் அத்தனையையும் பின்பகுதிக்கு நகர்த்த வேண்டும். ஆட்கள் தள்ளினால் நேரமாகும். அதற்காகவே அமெரிக்கக் கடற்படை இழுவை டிராக்டர்களை வைத்திருந்தது.

அவற்றில் ஒன்று, வயலில் ஓடிய ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரின் மறுவடிவம். 1939-இல் வந்த 9என் என்ற அந்த டிராக்டர் ஏறத்தாழ ஒரு டன் எடை, 25 குதிரைத்திறனுக்கும் குறைவு. இன்றைய டிராக்டர்களின் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு அதிலேயே இருந்தது. அதை அடிப்படையாக வைத்துச் செய்த இழுவை வண்டிக்கு 'மோட்டோ-டக்' என்று பெயர். பி.என்.ஓ-25 என்ற வகை 2,500 பவுண்டு, அதாவது சுமார் 1,130 கிலோ விசையுடன் இழுக்கும். பி.என்.ஓ-40 வகை 4,000 பவுண்டு, சுமார் 1,800 கிலோ. இதற்குப் பின்னால் இரட்டை டயர்.

சுமை ஏற்றிய அவெஞ்சர் விமானம் சுமார் 8 டன். ஆனால் சக்கரத்தில் உருளும் பொருளை இழுக்க அதன் முழு எடைக்கு ஈடான விசை தேவையில்லை. சமதளத்தில் சில நூறு கிலோ விசை போதும். கடல் அலையில் தளம் 5 டிகிரி சாய்ந்தால் மட்டும் கூடுதலாக 700 கிலோ வேண்டும்.

அந்த விசை என்ஜினிலிருந்து மட்டும் வந்துவிடாது. டயர் வழுக்காமல் பிடிக்க அதன் மேல் எடை வேண்டும். உழும்போது கலப்பையின் இழுப்பே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும். கப்பலில் கலப்பை இல்லை. அதனால் கனமான இரும்புத் தகடுகளால் எடையைக் கூட்டினார்கள்.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம். எட்டு டன் விமானம் சரிவில் தள்ளினால் டிராக்டரும் சேர்ந்து கடலுக்குள் போகும். எனவே இழுக்கும்போது விமானத்தின் இருக்கையில் ஒருவர் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். சக்கரத்தோடு கூடவே கட்டையுடன் ஆட்கள் நடப்பார்கள்.

நம் டிரெய்லரும் அப்படித்தான். பெரும்பாலான டிரெய்லர்களுக்குப் பிரேக் கிடையாது. கரும்போ நெல்லோ ஏற்றியபின் டிராக்டரைவிடக் கனமாகிவிடும். ஏரிக்கரை, பாலம் இறக்கத்தில் அதுவே பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். எனவே,

• இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது.

• சாலையில் ஏறுமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்துப் பூட்ட வேண்டும். உழவில் திரும்புவதற்காகப் பிரித்ததை அப்படியே விட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழும்.

• சரிவில் நிறுத்தினால் டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். அதற்கென்று இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் வண்டியிலேயே கிடக்கட்டும்.