விழா முடிந்த மறுநாள்

விழா எடுப்பது தமிழருக்குப் புதிதன்று. உழவுக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று, ஊர்க்காவல் தெய்வத்திற்கு ஒன்று என்று விழாக்களாலேயே ஆண்டை அளந்து வாழ்ந்தவர் நம் முன்னோர். இந்நாளில் அவற்றோடு வேறு சில விழாக்களும் சேர்ந்துள்ளன. ஜனவரி 24 முதல் 30 வரை மனிதநேய வார விழா; அதன் நிறைவு நாளில், காந்தியடிகள் உயிர் நீத்த அத்தினத்தில், தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி; அக்டோபர் 17இல் உலக வறுமை ஒழிப்பு நாள்; நவம்பர் 14 முதல் 20 வரை நமக்கே உரிய கூட்டுறவு வாரம். வறியவரையும் ஒதுக்கப்பட்டவரையும் சமுதாயம் நினைக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். நோக்கம் உயர்ந்தது; அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், விழா முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது? கூட்டுறவு ஆய்வாளன் என்ற முறையில் அந்த மறுநாளைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கூட்டுறவு வார விழாவுக்குச் சென்றிருந்தேன். ஏழு வண்ணக் கொடி ஏற்றப்பட்டது. பள்ளிச் சிறுவர்கள் ஊர்வலம் வந்தனர். அனைவரும் சமம் என்று மேடையில் பலர் முழங்கினர். பின்னர் சமபந்தி விருந்தும் நடந்தது. கை கழுவுமிடத்தில் ஒரு மூதாட்டி என்னை அணுகினார். நிலமற்றவர், களையெடுத்துப் பிழைப்பவர், ஊருக்குப் புறத்தே உள்ள குடியிருப்பிலிருந்து வந்தவர். “ஐயா, இன்னைக்கு எல்லாரோடயும் ஒரே பந்தியிலே உட்காந்து சாப்பிட்டோம். நாளைக்குச் சங்கத்து வாசப்படி ஏறி வந்தா எங்க பேரை எழுதிக்கிடுவாங்களா?” என்று கேட்டார். “கட்டாயம் எழுதுவார்கள், அம்மா” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். விழா சிறப்புற நடைபெற்றது என்று அறிக்கையும் எழுதினேன்.

அடுத்த ஆய்வின்போது அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் பெயர் இல்லை. விசாரித்தபோது, அவர் இருமுறை வந்து சென்றது தெரிந்தது. ஒருமுறை படிவம் தீர்ந்துவிட்டதாம். மறுமுறை தலைவர் ஊரில் இல்லையாம். யாரும் அவரை ‘வராதே’ என்று சொல்லவில்லை. ‘வா’ என்றும் சொல்லவில்லை. இக்காலத்தில் ஒதுக்குதல் பெரும்பாலும் இப்படித்தான் நடைபெறுகிறது. சட்டம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது மெல்லிய குரலில் பேசுகிறது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ‘படிவம் தீர்ந்துவிட்டது’ என்பதை எந்தப் பிரிவு ஒழிக்கும்? என் அறிக்கையும் அவ்வொதுக்கலுக்கு ஒரு திரையாக அமைந்ததே என்பதை நினைக்குந்தோறும் வெட்கமடைகிறேன்.

அப்படியானால் விழாவே வீண் என்பீர்களா? நான் அவ்வாறு கூறவில்லை. மக்கள் கூடுமிடத்தில் பெரிய காரியங்கள் பிறந்ததுண்டு. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தெலுங்கானாவில், கைத்தறிக்குப் பெயர்பெற்ற போச்சம்பள்ளி கிராமத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கு வந்த ஆச்சாரிய வினோபா பாவே, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உபதேசம் செய்யவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டார். 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்றனர். கூட்டத்திலிருந்த இராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. கேட்க வேண்டியவரைக் கேட்டதும், கேட்டதற்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்ததும் அக்கூட்டத்தின் சிறப்பு.

ஆயினும், அவ்வியக்கத்தின் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. பின்னர் பல இடங்களில் மேடையில் வாக்களிக்கப்பட்ட நிலம் உழுபவன் கைக்கு வந்து சேரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதல்லவா? இக்குறையை உணர்ந்து வாழ்நாள் முழுதும் உழைத்த இருவரை நமது திண்டுக்கல் சீமை நன்கறியும். ஒருவர் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன். மற்றவர் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள். இம்மாவட்டத்தில் நிலமற்ற ஏழைக் குடும்பத்தில் பிறந்து, காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரத்தின் ஆதரவோடு கல்வி கற்றவர். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் கருகியபின், இவர்கள் கீழத்தஞ்சைக்குச் சென்று தங்கினர். பாதயாத்திரையும் கூட்டமும் அறப்போராட்டமும் நடத்தினர். ஆனால் அவற்றோடு நிற்கவில்லை. 1981இல் ‘லாப்டி’ என்னும் அமைப்பைத் தொடங்கி, நிலச்சொந்தக்காரரோடு பேசி விலைக்கு வாங்கி, நிலமற்ற பெண்களின் பெயரிலேயே பத்திரம் பதிவு செய்து கொடுத்தனர். அவர்களுடைய யாத்திரை பத்திரத்தில் முடிந்தது. நம்முடைய விழா எதில் முடிகிறது?

உலக வறுமை ஒழிப்பு நாளின் வரலாறும் இதனையே போதிக்கிறது. வறுமையில் பிறந்து வளர்ந்த பாதிரியார் ஜோசப் ரெசின்ஸ்கி 1956இல் பாரிஸ் நகரின் அருகே வீடற்றோர் முகாம் ஒன்றுக்குச் சென்றார். இலவசக் கஞ்சி வழங்குவதை நிறுத்தி, நூலகமும் சிறுவர் பள்ளியும் அமைத்தார். பிறர் இரங்குவதைக் காட்டிலும் மதிப்பதே வறியவருக்கு முதல் தேவை என்பது அவர் கண்ட உண்மை. 1987 அக்டோபர் 17இல் அவர் அழைப்பை ஏற்றுப் பாரிஸில் பெருந்திரளான மக்கள் கூடினர். அந்நாளையே 1992இல் ஐக்கிய நாடுகள் சபை உலக நாளாக ஏற்றது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். சாதி, மதம், இனம், அரசியல், ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி எவருக்கும் திறந்திருக்கும் அங்கத்துவமே கூட்டுறவுக் கொள்கைகள் ஏழில் முதலாவது. ஆனால் இன்று வாசலுக்கு வெளியே நிற்பவர் யார்? கன்னிவாடிப் பக்கத்தில் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிடுபவருக்குச் சிட்டாவும் அடங்கலும் தம் பெயரில் இல்லை. ஆகவே பயிர்க்கடனும் எட்டுவதில்லை. சின்னாளபட்டி போன்ற நெசவு ஊர்களில், சொந்தத் தறியின்றிப் பிறர் தறியில் கூலிக்கு நெய்பவருண்டு. தார் சுற்றியே விரல் தேய்ந்த பெண்களுண்டு. நெய்த சேலையில் அவர்கள் உழைப்பு இருக்கிறது, சங்க ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. மலைச்சரிவுகளில் வாழும் பளியர் மக்களோ, சங்கம் என்பது நிலமுடையவர் இடம் என்றெண்ணித் தொலைவிலேயே நின்றுவிடுகின்றனர்.

ஏழைகளைச் சேர்த்தால் கடன் திரும்புமா என்று சில நிர்வாகிகள் என்னிடம் கேட்பதுண்டு. சங்கப் பணம் அங்கத்தினர் பணம். ஆகவே அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கத்துவம் வேறு, கடன் வேறு. சேர்ந்தவுடன் கடன் தரவேண்டுமென்று எவரும் கூறவில்லை. முதலில் சேமிக்கட்டும், மகாசபையில் அமரட்டும், வாக்களிக்கட்டும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் முன்னோடிச் சங்கத்தைத் தொடங்கிய 28 பேரும், அவர்களுள் இருந்த நெசவாளரும், செல்வந்தரா? வாரந்தோறும் சில பென்னிகள் சேர்த்தன்றோ தலைக்கு ஒரு பவுன் பங்கு செலுத்தினர்! நம் நாட்டிலும், 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் திட்டம், அடகு வைக்க எதுவுமில்லாத பெண்கள் குழுவாய்ச் சேர்ந்து சேமிக்கவும் கடன் பெறவும் வழி திறந்தது. நம் சங்கங்களும் இத்தகைய குழுக்களுக்குக் கடன் வழங்கி வருகின்றன. அப்படியிருக்கத் தனி ஒருவராய் வரும்போது மட்டும் அவரை ஐயுறுவானேன்?

ஆதலின், அடுத்த விழாவுக்குச் சில யோசனைகள். முதலாவது, விழாவைச் சங்கக் கட்டடத்தின் முன் நடத்தாமல், அங்கத்தினர் மிகக் குறைவாயுள்ள தெருவிலே நடத்துங்கள். இரண்டாவது, மேடையில் அத்தெருவாரே முதலில் பேசட்டும். நிர்வாகிகள் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். மூன்றாவது, பந்திக்கு இலை போடும் முன்பே அங்கத்துவப் படிவத்தோடு எழுத்தர் அங்கே அமரட்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு தருவதும் அவர் கடமை. பங்குத் தொகை இல்லாதவரை அன்றே ஒரு சிக்கனக் குழுவில் சேர்க்கலாம். நான்காவது, எவரையேனும் சேர்க்க இயலாதாயின் காரணத்தை எழுத்தில் தாருங்கள். வாய்மொழியாய்த் திருப்பி அனுப்பாதீர்கள். ஐந்தாவது, சென்ற விழாவில் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்பதை அடுத்த விழாவில் தலைவர் உரக்கப் படிக்கட்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பந்தலுக்கும் மாலைகளுக்கும் ஆகும் தொகையில் ஒரு சிறு பங்கே போதும்.

நானும் எனக்கொரு விதி செய்துகொண்டேன். இப்போதெல்லாம் விழாவைப் பற்றி அன்றே அறிக்கை எழுதுவதில்லை. ஒரு மாதம் கழித்து அங்கத்தினர் பதிவேட்டைப் பார்த்தபின்பே எழுதுகிறேன். அந்த மூதாட்டிக்கு அன்று நான் அளித்த வாக்கை, நாள் கடந்தேனும், நானே உடனிருந்து நிறைவேற்றினேன். அவர் கைநாட்டு அப்பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் ஓர் ஆய்வாளன் கூட வந்தால்தான் ஓர் ஏழைக்கு வாசல் திறக்கும் என்பது சங்கத்துக்குப் பெருமையாகாது.

கூட்டுறவே நாட்டுயர்வு என்று ஆண்டுதோறும் முழங்குகிறோம். ஊர் கூடித் தேர் இழுக்கிறோம் என்றால், வடம் பிடிக்க ஊரில் எவரெவர் அழைக்கப்படவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அங்கத்தினர்களே! இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் தெருவில், உங்கள் வயலில், உங்கள் தறியருகில் உழைக்கும் ஒருவரிடம், “நீங்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்பாராயின், நாளைக் காலை அவரை உடன் அழைத்துக்கொண்டு வாருங்கள்.