இடிபாட்டின் கணக்கு

திருப்பூர்ப் பனியன் சாலைகளில் கத்தரித்து விழும் துணித்துண்டை எவரும் தெருவில் எறிவதில்லை. அது தரம் பிரிக்கப்பட்டு, ஓப்பன் எண்ட் ஆலைகளில் மீண்டும் நூலாகிறது. அதே ஜில்லாவில், தாராபுரம் போன்ற ஊர்களில், ஒரு வீட்டை இடித்தால் வரும் கல்லும் காரையும் பள்ளம் தேடிக் கொட்டப்படுகின்றன. துணிக்குத் தெரிந்த சிக்கனம் வீட்டுக்குத் தெரியாமற் போவானேன்?

முற்காலத்தில் தெரிந்தே இருந்தது. செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் இன்றும் காரைக்குடிக் கடைகளில் விலைபோகின்றன. கான்கிரீட் வந்த பின்னரே இடிபாடு குப்பையாயிற்று. ஆனால் சாஸ்திரம் இதை ஒப்பவில்லை. ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தர விதி 2016-ல் திருத்தப்பட்டபோது, பழைய கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியை, எம் 25 தரம் வரையுள்ள கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்க அநுமதி அளித்தது. செங்கல்லும் காரையும் கலந்துவிட்ட ஜல்லிக்கு அந்த அநுமதி இல்லை. அடித்தளத்துக்கான மெலிந்த கான்கிரீட்டுக்கே அது ஆகும். ஆகவே, எந்த வீட்டில் என்ன பொருள் எவ்வளவு உள்ளது என்பதைக் கடப்பாரை விழுவதற்கு முன்பே அறிந்திருத்தல் அவசியம். கணக்கு இல்லாத இடத்தில் பொருள் குப்பையாகிறது.

மத்திய சர்க்கார் 2025-ல் வெளியிட்ட புதிய விதிகள், 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலாகும்படி, இக்கணக்கைக் கணினி வழியே பதியச் சொல்லுகின்றன. நல்லதே. ஆயினும் உற்பத்தியாளர் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கே உரியது. அதாவது சுமார் 2,15,000 சதுர அடி. தாராபுரத்துச் சாமானிய வீடுகள் எவையும் அவ்வலையில் அகப்படா. மறுபுறம், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் கணினி வழியே சுயசான்றளித்து அநுமதி பெறும் முறையைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2024 ஜூலையில் கொணர்ந்தனர். சிறு வீடும் சர்க்கார் கணினியில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அவ்விண்ணப்பத்தில் மூன்றே கேள்விகளைச் சேர்த்தால் போதும்: இடிப்பது என்ன? அதில் கான்கிரீட், செங்கல், மரம், இரும்பு எவ்வளவு? அவை எங்கே போகின்றன?

இதனால் ஏழைக் குடியானவனுக்குத் தொல்லையும், கீழ்மட்ட உத்தியோகஸ்தருக்கு வரும்படியும் பெருகும் என்று சிலர் அஞ்சலாம். அச்சம் நியாயமானது. ஆகவே கட்டணமோ அபராதமோ கூடாது. அந்தப் பட்டியல் வாங்குவோர் அனைவரும் பார்க்கத் திறந்திருக்கட்டும். விற்ற காசு வீட்டுக்காரனையே சேரட்டும். ஆதாயம் கிடைக்குமானால் எவன் மறைப்பான்?

சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை அரைக்கும் ஆலைகளை வைத்திருக்கிறது. தாராபுரம் தனியே அவ்வளவு பெரிய ஆலையை ஏற்க இயலாது. காங்கேயம், உடுமலைப்பேட்டை ஆகிய நகராட்சிகளுடன் கூடி ஒன்று அமைக்கலாம். எவ்வளவு பெரிது என்பதை இரண்டு வருஷக் கணக்கே சொல்லும். கணக்கின்றி அமைத்தால் இயந்திரம் துருப்பிடிக்கும், வரிப்பணம் கரையும்.

தோண்டத் தோண்டத் தீரும் செல்வத்தையும் சுழன்று வரும் செல்வத்தையும் ஜே. ஸி. குமரப்பா 1945-லேயே பிரித்துக் காட்டினார். ஆற்று மணலும் குன்றுக்கல்லும் தீரும் செல்வமே. அமராவதிக் கரையில் வாழும் நமக்கு இதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. தாராபுரம் நகராட்சி மன்றத்தார் அடுத்த கூட்டத்திலேயே இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புவார்களாக. தேசத்தொண்டர்கள் அதுவரை அவர்களைச் சும்மா விடலாகாது.