கலை வரலாற்றை விருப்பப் பாடமாக்கும் வரைவு: சங்கத்தின் நிலைப்பாடு

நம் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் படித்து வெளியேறியவர்களும், அங்கே பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர்களும், இப்போது நடத்திக்கொண்டிருப்பவர்களில் சிலரும் சேர்ந்தது இந்தச் சங்கம். புதிய பாடத்திட்ட வரைவில் என்ன இருக்கிறது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். இதுவரை நான்கு ஆண்டும் கட்டாயமாக இருந்த கலை வரலாறு இனி முதலாண்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் விருப்பப் பாடம். அதை எடுப்பவர்கள் பதிவுசெய்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் தேர்வு எழுதுவார்கள். மிச்சமாகும் நேரம் ஸ்டுடியோவுக்குப் போகும். ஓய்வுபெற்ற கலை வரலாற்று ஆசிரியரின் இடம் நிரப்பப்படாது என்று வரைவில் எழுதவில்லை. ஆனால் பணியிடப் பட்டியலில் அந்த வரியையே காணோம்.

வரைவு பற்றிக் கருத்துச் சொல்லப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் தேர்வு விடுமுறையில்.

சங்கம் இந்த மாற்றத்தை எதிர்க்கிறது. ஸ்டுடியோ நேரத்தைக் கூட்டுவதில் கொள்கை அளவில் எங்களுக்கு மறுப்பில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தியரி இருக்கலாம் என்பதில் செயற்குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் பதிவு செய்கிறோம். இப்போதுள்ள பாடத்திட்டம் அப்படியே தொடர வேண்டும் என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஓவியம் படிக்க வந்த பிள்ளைக்குக் கலை வரலாறு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும் ஒன்று என்று சொல்வதை, கருத்து வேறுபாடு கொண்ட உறுப்பினர்கள் உட்பட, யாரும் ஏற்கவில்லை.

வரைவின் முன்னுரை ஒரே ஒரு காரணம்தான் சொல்கிறது. மாணவர்கள் இந்தப் பாடத்தில்தான் அதிகம் அரியர் வைக்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு இதில் நாட்டமில்லை. அந்த ‘ஆகவே’யைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் கல்லூரிக்கு வருகிறவர்கள் யார்? சுவரில் விளம்பரம் எழுதியவரின் மகன், மண்பாண்டம் செய்யும் வீட்டுப் பெண், தறிக்காரர் பிள்ளை, மரச்சிற்பம் செதுக்குகிறவரின் பேரன். பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். சேர்க்கையின்போது அவர்கள் கையைப் பார்த்து இடம் கொடுத்தோம். முதல் வாரமே கலை வரலாற்று வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தோம். குகை ஓவியத்தில் தொடங்கி எகிப்து, கிரேக்கம், ரோம், இத்தாலிய மறுமலர்ச்சி என்று ஓடி இந்தியாவுக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். மாமல்லபுரத்துக்கு ஒரு பக்கம், சித்தன்னவாசலுக்கு அரைப் பக்கம். தேர்வுக்கு முந்தின இரவு விடுதியில் ஜெராக்ஸ் நோட்ஸ் கைமாறும். புரியாத ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்து, மறுநாள் தாளில் கொட்டிவிட்டு வருவார்கள். இப்படித்தான் பல வருடம் ஓடியிருக்கிறது. ஆசிரியர்களாக இருந்த எங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய உறுப்பினர் ஒருவர் செயற்குழுவில் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே தருகிறோம். கிரேக்கச் சிலைகளில் உடல் எடை ஒரு காலில் இறங்கி நிற்கும் நிலையை விளக்கச் சொல்லிக் கேள்வி. அதற்கு இத்தாலியச் சொல் கான்ட்ரபோஸ்ட்டோ. ஒரு மாணவன் நான்கு வரி ஆங்கிலம் எழுதியிருந்தான், நான்கும் பிழை. பூஜ்யம் போட வேண்டியதாயிற்று. மூன்று நாள் கழித்து சிற்பத் துறையில் அதே மாணவன் களிமண்ணில் ஒரு பெண் உருவம் செய்து வைத்திருந்தான். எடை இடது காலில், வலது முட்டி லேசாக மடங்கி, இடுப்பு ஒரு பக்கம் ஏறி, தோள் எதிர்ப்பக்கம் சரிந்து, தலை மறுபடி திரும்பி இருந்தது. “இப்படி நிற்க வைக்க எங்கே கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டார். “திரிபங்கம் சார். தாத்தா ஓலையை மடித்து அளவு எடுப்பார், பார்த்திருக்கிறேன்” என்றான். சுவாமிமலைப் பக்கத்து ஸ்தபதி வீட்டுப் பையன். கிரேக்கச் சிலை நிற்பதற்கும் திரிபங்கத்தில் அம்மன் நிற்பதற்கும் எங்கே ஒற்றுமை, எங்கே வேறுபாடு என்று தமிழில் கேட்டிருந்தால் அவன் நான்கு பக்கம் எழுதியிருப்பான். நாங்களும் அதிலிருந்து கற்றுக்கொண்டிருப்போம். அவன் அந்தத் தாளில் மூன்று முறை அரியர் வைத்தான். வரைவின் முன்னுரையில் நாட்டமில்லாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் அவனும் ஒருவன்.

தமிழில் சொல் இல்லை, புத்தகம் இல்லை என்று நிர்வாகத் தரப்பில் வழக்கமாகச் சொல்வார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ எழுதியது 1956இல். நவீன ஓவியத்தைப் பற்றி இந்திரனும் தேனுகாவும் தமிழில் எழுதினார்கள். பங்கம், தாளம், முத்திரை, பீடம், திருவாசி என்று ஸ்தபதிகள் பட்டறையில் இன்றைக்கும் புழங்கும் சொற்களே ஒரு கலைச்சொல் அகராதியின் முதல் பகுதிக்குக் காணும். அடுத்த பகுதியை எழுதுவது கல்லூரியின் வேலை. இத்தனை வருடத்தில் அந்த வேலையைத் தொடங்காதவர்களுக்கு, தமிழில் சொல் இல்லை என்று சொல்ல வாய் கூச வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மென்மையாக்கலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். வாக்கெடுப்பில் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

ஆங்கிலம் வேண்டாம் என்று சங்கம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல்படிப்புக்கும், வெளிமாநிலக் கண்காட்சிக்கும், நெட் தேர்வின் காட்சிக்கலைத் தாளுக்கும் ஆங்கிலம் வேண்டும். அந்த நெட் தாளில் கலை வரலாற்றுக் கேள்விகளே நிறைய என்பதையும் வரைவு எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம். முதலில் தமிழில் புரியட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதப் பழகட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வீடியோவில் கிடைக்காத ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் செப்புத்திருமேனி இருக்கிறது, பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. எங்களில் பலரை ஆசிரியர் அதன் முன்னால் உட்கார வைத்திருக்கிறார். அவர் ஒன்றும் விளக்கவில்லை. “கையை எண்ணுங்கள்” என்றார். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. “இப்போது வரையுங்கள்.” வலப்பக்கத்துக் கோடு விலாவிலிருந்து தொடைவரை கிட்டத்தட்ட நேராக இறங்கியது. இடப்பக்கம் பென்சில் மார்புக்குக் கீழே உள்வாங்கி, இடுப்பில் வெளியே வளைந்து, தானாகவே மெதுவாகிவிட்டது. ஒரே உடம்புக்கு இரண்டு வேகத்தில் கோடு. அது கைக்குப் பிடிபட்ட பிறகுதான், பாதி ஆண், பாதி பெண் என்ற கருத்தை உலோகத்தில் எப்படி வார்த்தார்கள் என்று அவர் பேசத் தொடங்கினார். அது ஸ்டுடியோ வகுப்பா, கலை வரலாற்று வகுப்பா? எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. வரைவு எழுதியவர்கள் பிரித்திருக்கிறார்கள்.

சென்னையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் ஓவியப் பள்ளி தொடங்கியது 1850இல். எழும்பூர் அருங்காட்சியகம் வந்தது 1851இல். அந்தப் பள்ளியின் வழியில் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் போதும். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி நவீன சிற்பம் செய்தபோது, கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைத்தான் மனதில் வைத்திருந்தார். கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் கையெழுத்தும் ஓவியமாயின. பழையதைப் பார்க்கத் தெரிந்ததால்தான் அவர்களால் புதியதைச் செய்ய முடிந்தது. கலை வரலாறு ஸ்டுடியோ நேரத்தைத் தின்கிறது என்று சொல்பவர்கள் இவர்கள் படைப்புகளின் முன்னால் நின்று அதைச் சொல்லட்டும்.

நாட்டுக்கும் இதில் நட்டம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தச் சிலை 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்களையும் அந்தச் சிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அடையாளம் உறுதிப்பட்டது. திருவாசியின் தீக்கொழுந்தையும், பீடத்தின் இதழையும், விரிசடையையும் கண்ணால் அளந்து, இது இந்தக் கோயிலுடையது என்று சொல்லும் பயிற்சி நான்கில் ஒன்றை டிக் அடித்து வராது. நம் ஊர்க் கோயில்களின் சிலைகளை அடுத்த தலைமுறையில் யார் அடையாளம் காட்டுவார்கள்?

செலவு ஒரு காரணம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் தந்தால் பதில் சொல்கிறோம்.

ஆகவே சங்கம் கேட்பது இது. கலை வரலாறு நான்கு ஆண்டும் கட்டாயப் பாடமாகத் தொடர வேண்டும். மணி நேரத்தைக் குறைப்பது குறித்து, ஆசிரியர்களையும் மாணவர்களையும் கலந்தாலோசித்த பிறகு, பரிசீலிக்கலாம். காலியான ஆசிரியர் இடத்தை முழுநேரப் பணியாக, தமிழில் பாடம் நடத்தக் கூடியவரைக் கொண்டு, வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் நிரப்ப வேண்டும். தேர்வைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதும் உரிமையை வெறும் காகிதத்தில் வைக்காமல், தமிழில் எழுதும் தாளைத் திருத்தத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நிறுத்தப்பட்ட ஸ்டடி டூரை இயன்ற அளவில் மீண்டும் தொடங்க வேண்டும். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டார். அந்த இருட்டுச் சுற்றுக்குள் முறையாக அனுமதி வாங்கி ஒரு தடவையேனும் நுழையாமல் தமிழ்நாட்டில் ஒருவர் ஓவியப் பட்டம் வாங்குவது சரியில்லை என்று செயற்குழு ஒருமனதாகக் கருதுகிறது.

தமிழ்ப் பாடநூல் எழுத எங்கள் உறுப்பினர்களில் பதினோரு பேர் ஊதியம் இல்லாமல் முன்வந்திருக்கிறார்கள். கலைச்சொல் பட்டியலின் முதல் வரைவு தயாராக இருக்கிறது. நிர்வாகம் கேட்டால் மறுநாளே கொண்டுவந்து தருவோம். வரைவை அப்படியே நிறைவேற்றினால், அடுத்து என்ன செய்வது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யும். இதற்கு மேல் இப்போது சொல்ல வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டிருக்கிறது.

உறுப்பினர்களுக்கு: தயவுசெய்து அச்சடித்த படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்ப வேண்டாம். கலை வரலாற்று வகுப்பில் நீங்கள் பார்த்த ஒரு சிற்பமோ ஓவியமோ பிற்பாடு உங்கள் வேலையில் எங்கே வந்து நின்றது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அரியர் வைத்தவர்கள், எதனால் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். கருத்துக் கேட்பின் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கடிதங்கள் செயலாளர் கையில் இருக்க வேண்டும்.