சதுரக் கேக்கின் நான்கு மூலைகள்

"வட்டக் கேக்குக்கு ஐஸிங் நன்றாகவே வருகிறது. சதுரமாகச் செய்தால் மட்டும் மூலையெல்லாம் மழுங்கி, தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடுகிறதே!" – சகோதரிகள் பலருக்கும் உள்ள குறை இது. குழந்தையின் பிறந்த நாள், விலை கொடுத்து வாங்கிய வெண்ணெய், வாசலில் விருந்தாளிகள். அந்த நேரத்தில் தடவத் தடவ மூலை இன்னும் மோசமாகிக்கொண்டே போனால் யாருக்குத்தான் அழுகை வராது?

காரணம் சின்னதுதான். வட்டக் கேக்கைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பழகிய கை, மூலை வந்ததும் தன்னையறியாமல் வளைந்து திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் கத்தி அழுந்தி, ஐஸிங்கை வழித்துக்கொண்டு போய்விடுகிறது. கொத்தனார் சதுரத் தூண் பூசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? விளிம்பில் மட்டப் பலகையை ஒட்டிப் பிடித்து, அந்த மட்டத்துக்கு ஒரு முகத்தைப் பூசி முடிப்பார். அப்புறம்தான் அடுத்த முகம். கரணையை மூலையைச் சுற்றி ஓட்டவே மாட்டார். நமக்கும் அதே விதிதான். ஒவ்வொரு பக்கமும் தனித்தனி. மூலையில் ஐஸிங் மிஞ்சட்டும். அது குளிர்ந்து இறுகிய பிறகு, மிஞ்சியதை வெட்டி எடுங்கள்.

முதலில் கேக்

8 அங்குலச் சதுரத் தட்டின் பரப்பு 64 சதுர அங்குலம். 9 அங்குல வட்டத் தட்டின் பரப்பும் ஏறக்குறைய அதேதான். ஆகவே வட்டக் கேக்குக்கு நீங்கள் போடும் அளவையே இதற்கும் போடலாம். மூலைகளில் இரண்டு பக்கமிருந்தும் சூடு ஏறுவதால் அவை சீக்கிரம் வெந்து உலர்ந்து, உதிரத் தொடங்கும். அதனால் வேகும்போது ஒரு கண் வைத்திருங்கள். கேக்கை முதல் நாளே செய்து, நன்றாக ஆற விடுங்கள். மேலே உப்பிய பகுதியை ரொட்டிக் கத்தியால் சீவிவிட்டு, கேக்கைக் கவிழ்த்து வையுங்கள். தட்டில் படிந்திருந்த அடிப்பாகம் மட்டமாக இருக்கும். விளிம்பும் கூராகக் கிடைக்கும்.

ஐஸிங்குக்குத் தேவையானவை

உப்பில்லாத வெண்ணெய் 300 கிராம், ஐஸிங் சர்க்கரை 600 கிராம், காய்ச்சி ஆறிய பால் 2 மேஜைக் கரண்டி, வெனிலா எஸென்ஸ் 1 தேக்கரண்டி.

சர்க்கரையை மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள். ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் போச்சு, ஐஸிங் மீது நீளமாகக் கோடு கிழித்துவிடும்! வெண்ணெயை வெளுக்கும் வரை குழைத்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடியுங்கள். பாலும் எஸென்ஸும் கடைசியில். பிறகு மரக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி 3 நிமிடம் தேய்த்தால் காற்றுக் குமிழ்கள் அடங்கிவிடும். பொத்தல் விழாமல் வழவழப்பாக வருவதற்கு இதுதான் வழி.

செய்முறை

1. கேக் முழுவதும் மிக மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து, அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். தூள்கள் இதோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த பூச்சில் கலக்காது.

2. மேல் பக்கத்தில் தாராளமாக ஐஸிங் வைத்து, நான்கு ஓரமும் வெளியே தள்ளி நிற்கிற மாதிரி பரப்புங்கள்.

3. இப்போது பக்கங்கள். புதிய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைச் சமையலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே இழுப்பில் மூலையைத் தாண்டி வெளியே போகவிடுங்கள். மூலையில் காது மாதிரி ஐஸிங் நீட்டிக்கொண்டிருக்கும். மேல் விளிம்பில் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். நிற்கட்டும், தொடாதீர்கள்.

4. ஒரு மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வைத்து இறுக விடுங்கள்.

5. கத்தியை வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்துவிட்டு, மூலைக் காதுகளை மேலிருந்து கீழாக நறுக்குங்கள். மேல் வரப்பை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகச் சீவுங்கள். ஒவ்வொரு தடவையும் கத்தியைத் துடைப்பது முக்கியம்.

6. எங்காவது குழி இருந்தால் துளி ஐஸிங் வைத்து, வெந்நீரில் முக்கித் துடைத்த ஸ்கேலால் ஒரு தடவை இழுத்துவிடுங்கள். அவ்வளவுதான்!

வெயில் காலத்தில்

வெண்ணெய் நம் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். சித்திரை வெயிலில் கூடத்து மேஜையில் அது எப்படி நிற்கும்? வெட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் கேக்கை வெளியே எடுங்கள். மேலே வியர்த்தால் துடைக்க வேண்டாம். துடைத்தால் வழவழப்பு போய்விடும்.

வெயிலுக்குத் தாங்கட்டும் என்று சிலர் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போடுவதுண்டு. மூலை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் வனஸ்பதியில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல். அதற்காகவே 2022 ஜனவரி முதல் அதன் அளவு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் விதித்திருக்கிறார்கள். குழந்தைகள் சாப்பிடுகிற பண்டத்தில் மூலையின் கூர்மைக்காக அது எதற்கு? வெண்ணெயும் ஃபிரிஜ்ஜும் போதும்.

முதல் நாள் கேக், மறுநாள் காலையில் ஐஸிங் என்று பிரித்துக்கொண்டால், மாலையில் நீங்களும் முகம் கழுவி, புடவை மாற்றி, குழந்தையின் பக்கத்தில் நிற்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மூலைத் துண்டில் மூன்று பக்கமும் ஐஸிங் இருக்கும். பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுவார்கள். இருப்பதோ நான்கே மூலை. யார் யாருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்!