துப்பாக்கி பிடித்த கைக்குத் துடைப்பம்

ஸ்திரீகள் யுத்தத்திற்கு லாயக்கற்றவர்கள், ஆகையால் ராஜ்ய விவகாரத்தில் அவர்களுக்குச் சமபாகம் கேட்பது நியாயமாகாது என்று வாதிக்கும் பண்டிதர்கள் எல்லாத் தேசத்திலும் இருந்தே வந்திருக்கிறார்கள். இவர்கள் செர்பியா தேசத்து மிலுங்கா சாவிச் அம்மையாருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கின்றோம்.

1912-ல் பால்கன் யுத்தம் மூண்டபோது, தன் சகோதரனுக்குப் பதிலாகத் தலைமயிரைக் கத்தரித்து, ஆண் உடை தரித்துப் பட்டாளத்தில் சேர்ந்தவர் இவ்வம்மையார் என்கிறார்கள். 1913-ல் பிரெகால்னிட்சா சண்டையில் காயம்பட்டு வைத்தியரிடம் போன பிறகுதான் பெண் என்பது வெளியாயிற்று. அதுவரையில் அவர் நல்ல சிப்பாய். வைத்தியர் சட்டையைக் கழற்றிய நிமிஷம் முதல் அவர் ஒரு சங்கடம்! காயம்பட்ட உடம்பு அதே உடம்புதானே? முந்தின நாள் துப்பாக்கி பிடித்த கையும் அதே கைதானே? தாதி வேலைக்குப் போகும்படி தளபதி சொன்னாராம். துப்பாக்கி தூக்குவதானால் மாத்திரமே இருப்பேன் என்று அம்மையார் சொல்ல, மறுநாள் பதில் சொல்வதாகத் தளபதி தட்டிக்கழிக்கப் பார்க்க, அதுவரை இங்கேயே நிற்கிறேன் என்று விறைப்பாக நின்று விட்டாராம். ஒரு மணி நேரத்தில் தளபதிதான் இறங்கி வந்தார் என்று சொல்லுகிறார்கள்.

பிறகு வந்த 1914-18 மகாயுத்தத்தில் செர்பியாவின் உயர்ந்த காரஜோர்ஜே நட்சத்திரத்தை இரு முறை பெற்றார். 1916-ல் ட்ஸர்னா நதி வளைவில் பல்கேரியச் சிப்பாய்கள் 23 பேரைத் தனியாகவே சிறைப்பிடித்தாராம். பிரான்சும் தன் லீஜன் ஆப் ஹானரை இரு முறை அளித்தது. இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விந்தையுமல்ல. தாதியாகப் போன ப்ளோரா சாண்ட்ஸ் என்னும் இங்கிலீஷ் மாதும் அதே சேனையில் போர் புரிந்து, 1916-ல் வெடிகுண்டால் காயமடைந்து, அதே நட்சத்திரத்தை அணிந்தார்.

நாம் யுத்தத்தை மெச்சுகிறவர்களல்ல. கொல்லுவதில் பெண்ணும் ஆணுக்குச் சளைத்தவளல்ல என்று காட்டிப் பெருமைப்படுவதும் நமது நோக்கமல்ல. ஆனால் யோக்கியதைக்கு அளவுகோல் யுத்தந்தான் என்று சொன்னவர்கள் அவர்களே. அந்த அளவுகோலில் ஜெயித்தவருக்கு அவர்கள் கொடுத்தது என்ன? பிரான்சில் வந்து பென்ஷனோடு வாழலாம் என்று வந்த அழைப்பை மறுத்துச் சொந்த தேசத்தையே நம்பியவர், பெல்கிரேடில் ஓர் அடமான பாங்கியில் தரை துடைக்கும் வேலைக்குப் போனார். புருஷன் பிரிந்து போய்விட, தன் பெண்ணோடு வேறு மூன்று பெண் குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார். ஆண் சிப்பாய் ஒருவன் இத்தனை பதக்கங்களோடு வந்திருந்தால் அவன் கையில் துடைப்பத்தைக் கொடுக்க எந்த பாங்கி அதிகாரிக்காவது துணிவு வந்திருக்குமா?

1973-ல் அம்மையார் காலமானார். 40 வருஷம் கழித்து, 2013-ல், அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து, பெல்கிரேடில் பெரிய மனிதர்களைப் புதைக்கும் வரிசையில் ராஜாங்க மரியாதையோடு மறுபடியும் அடக்கம் செய்தார்கள்.