சாப்பாட்டுப் பெட்டி வீட்டுப் பிரச்சினை மட்டுமா?

எஸ்பியர்க் மீனால் வளர்ந்த ஊர். 1868இல் துறைமுகம் கட்ட முடிவெடுத்தபோது இங்கே சில பண்ணை வீடுகள்தான் இருந்தன. பின்னாளில் இது டென்மார்க்கின் மிகப்பெரிய மீன்பிடித் துறைமுகமாகவே இருந்தது. அப்படியான ஊரிலும் ஒரு பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிடும் என்பதை, அன்று காலை வீட்டில் யாருக்கு நேரம் இருந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது.

காரணம், டென்மார்க்கில் பாடசாலைச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்குமான உரிமை அல்ல. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் கறுப்புப் பாண்தான் வழக்கம். பின்லாந்து 1948 முதல் எல்லா மாணவருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. சுவீடனில் அது சட்டம். இவர்களுக்கு நடுவில் இருக்கும் நாம் இன்னும் பெட்டியைக் காவுகிறோம்.

"பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பது பெற்றோரின் கடமை, அரசு ஏன் தலையிட வேண்டும்?" என்று கேட்பார்கள். கடமைதான். ஆனால் விடியமுன் வேலைக்கு ஓடும் தாயின் பிள்ளை வெறும் பெட்டியோடு வந்தால், தண்டனை தாய்க்கு இல்லை, பிள்ளைக்கு.

இதைத் தமிழர் நூறு வருடங்களுக்கு முன்பே விளங்கிக்கொண்டார்கள். 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1950களில் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. டென்மார்க்கைவிடப் பலமடங்கு வறிய மாநிலம் செய்ததை இந்தப் பணக்கார நாடு "செலவு" என்று தள்ளிவைத்தால் ஏற்கலாமா?

பலன் உண்டா? கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் 9 பாடசாலைகளில், 3ஆம், 4ஆம் வகுப்புப் பிள்ளைகள் 834 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. மூன்று மாதம் பாடசாலையிலேயே நல்ல சாப்பாடு கிடைத்தபோது வாசிப்பு மேம்பட்டது. கவனத்திறன் மாறவில்லை. சாப்பாடு மந்திரம் அல்ல, ஆனாலும் வாசிப்பு சின்ன விசயமா?

முற்றமும் அப்படித்தான். ஓகுஸ் பல்கலைக்கழகம் 2019இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட டெனிஷ்காரரின் தரவுகளை ஆராய்ந்தது. மிகக் குறைந்த பசுமைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலப் பாதிப்பு வரும் வாய்ப்பு 55% வரை கூடுதலாக இருந்தது. பசுமை இல்லாததுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தார் போட்ட முற்றத்தில் நாலு மரம் நட இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கணினி வேலையில் நான் தினமும் பார்ப்பது ஒன்று: ஆரம்பத்தில் என்ன அமைப்பு இருக்கிறதோ அதையே பெரும்பாலானோர் கடைசிவரை பாவிப்பார்கள். நல்லது வேண்டுமென்றால் ஆரம்ப அமைப்பையே நல்லதாக வையுங்கள்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் இடைவேளைக்கு என்ன? றோல்ஸ், சோடா. கடலையும் குரக்கனும் மேடைப் பேச்சில் மட்டும். கொமூனைக் கேள்வி கேட்கமுதல் அந்த மேசையை மாற்றுவோம்.

பிறகு கேட்போம். டெனிஷ் பாடசாலையின் நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கே பெரும்பான்மை. மாணவருக்கும் அங்கே இடம் உண்டு, மாணவர் மன்றம் அமைக்கும் உரிமையும் உண்டு. அந்தக் கதிரைகளில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? அம்மா அப்பாவுக்கு மொழி தடையாக இருந்தது. எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. அடுத்த தேர்தலில் பெயரைக் கொடுங்கள். ஒரு நேரச் சூடான சாப்பாடு, ஒரு துண்டுத் தோட்டம்: இந்த இரண்டையும் கேளுங்கள்.