பெரிய டயரும் பத்தலப்பல்லி இறக்கமும்

சென்ற மாதம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பழைய பொலேரோ பிக்கப் ஒன்று, யானைக்கு பூட்ஸ் மாட்டியதுபோல் நான்கு பெரிய டயர்களோடு நின்றது. ஓட்டி வந்தவன் என் தங்கை மகன். "எப்படி மாமா இருக்கு?" என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

2018-லும் 2022-லும் வந்த அந்தப் படங்களுக்குப் பிறகு நம் ஊர்ப் பெயரைக் கேட்டாலே வெளியூர்க்காரர்கள் முரட்டு வண்டிகளையும் புழுதியையும் நினைக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. ஆசை இருக்கட்டும். ஆனால் இந்த வண்டி விளையாட்டுக்கு வாங்கியது அல்ல. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு, நம் குடும்பங்களில் பாதிப்பேர் விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைக்கிறார்கள். ரயிலை நம்பாமல் கடன் வாங்கி ஒரு வண்டி எடுத்து, சரக்கு ஏற்றித் தினமும் போய்வருகிறவர்கள் சிலர். என் மருமகன் அந்த ரகம். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் யோசிக்கும்.

அவன் வண்டியில் முதலில் இருந்தது 215/75 ஆர் 15 அளவு டயர். அதன் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். இப்போது மாட்டியிருப்பது 31 அங்குலம், அதாவது 787 மில்லிமீட்டர். வித்தியாசம் 12 சதவீதம். வண்டி உயர்ந்ததோ இதில் பாதி, வெறும் 42 மில்லிமீட்டர். நாலு விரல்கூட இல்லை! இதற்குத்தான் இவ்வளவு செலவு.

"மைலேஜ் 12-லிருந்து 10-க்கு வந்துடுச்சு மாமா" என்று குறைப்பட்டான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது. பெங்களூருக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் அது 89 என்றுதான் காட்டும். ஆகவே அவன் 10 என்று கணக்குப் போட்டது உண்மையில் 11-க்கு மேல். நஷ்டம் அவன் நினைத்த அளவு இல்லை. ஆனால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 90-ஐத் தொடுகிறது. அதை அவன் நினைத்தே பார்க்கவில்லை.

நான் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கூண்டில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். கூண்டு, கயிறு, டிரம், பிரேக் எல்லாம் ஒரே கணக்கு. ஒன்றை மாற்றினால் மற்றதையும் பார்த்தாக வேண்டும். வண்டியும் அப்படித்தான். சக்கரம் பெரிதானால், அதே பிரேக்கை அதே பலத்தோடு மிதித்தாலும் தரையில் கிடைக்கும் பிடிப்பு பத்தில் ஒரு பங்கு குறையும். இழுவையும் அதே அளவு குறையும். டயரும் ரிம்மும் கனமானதால் பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள் எல்லாம் சீக்கிரம் தேயும். முழுக்க ஒடித்துத் திருப்பினால் மட்கார்டில் உரசும். ஸ்டெப்னி பழைய இடத்தில் உட்காராது.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அகல ரிம் போட்டு உயரமான டயர் மாட்டிக்கொண்டு, பொங்கலுக்குக் குடும்பத்தோடு குடியாத்தம் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்பினேன். வி.கோட்டா தாண்டிப் பத்தலப்பல்லி மலைப்பாதை, பேரணாம்பட்டு வரை இறக்கம். கியரைக் குறைத்தும் என்ஜின் முன்போல் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. பிரேக்கையே மிதித்து வந்தேன். நாலாவது வளைவில் லைனர் தீய்ந்த வாசனை. ஐந்தாவதில் மிதித்தால் கால் கட்டையில் நிற்பதுபோல் இருந்தது, வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கம் ஒதுக்கி மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பின்னால் என் அம்மா மடியில் கைக்குழந்தை. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைவிட எனக்குப் பயம் இன்ஷூரன்ஸ்தான். விபத்துக்குப் பின் டயர் அளவைக் காட்டித் தகராறு செய்தால், கடன் தவணையை யார் கட்டுவது?

நம் லைன் தெருக்களின் பள்ளத்துக்குப் பெரிய டயர் சுகம்தான், மறுக்கவில்லை. அதற்கு 31 அங்குலம் வேண்டாம். 235/75 ஆர் 15 என்றால் வித்தியாசம் 4 சதவீதம்தான். அதையும் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும் போடுங்கள். மிச்சப் பணத்தில் லைனர், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் பட்டையின் புஷ், ஸ்டியரிங் மூட்டு இவற்றைப் புதிதாக்குங்கள். இவற்றை யாரும் நின்று போட்டோ எடுக்கமாட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை. பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் இருக்கும் 4 இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு, தயாரித்த வாரம். அடுத்த இரண்டு, ஆண்டு. பட்டை நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். வருடம் ஆக ஆக ரப்பர் கட்டிப்போகும்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பதில் சொல்லவில்லை. அவனுடைய பழைய டயர்கள் நான்கும் என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கின்றன. போன ஞாயிறு தங்கை போனில் சொன்னாள்: தார்ப்பாயை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.